வலிக்குப் பெயர் கிடைக்கப் பதினோரு ஆண்டுகள்: எண்டோமெட்ரியோசிஸைப் புரிந்துகொள்வோம்

என் அக்காவுக்கு வலி தொடங்கியது பதினைந்து வயதில். அந்த வலிக்குப் பெயர் கிடைத்தது இருபத்தாறு வயதில். ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் "இடது சினைப்பையில் 4 செ.மீ. சாக்லேட் கட்டி" என்று எழுதியிருந்தது. இடைப்பட்ட பதினோரு ஆண்டுகளில் மாதத்துக்கு மூன்று நாள் முழங்காலை வயிற்றோடு சேர்த்துச் சுருண்டு படுத்திருப்பாள். தலைமாட்டில் ஒரு பக்கம் வெந்நீர்ப் பை, மறுபக்கம் வாந்திக்கு ஒரு வாளி. "எல்லாப் பெண்களுக்கும் வருவதுதானே", "போகப் போகப் பழகிவிடும்", "ஒரு குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்" என்று சொன்னவர்களில் அக்கறை இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. எல்லோரும் அன்போடுதான் சொன்னார்கள். அந்த அன்பில்தான் பதினோரு ஆண்டுகள் கரைந்தன.

அவளுக்கு மட்டும் நேர்ந்த கதையல்ல இது. உலகச் சுகாதார அமைப்பின் கணக்குப்படி, மாதவிடாய் காணும் வயதிலுள்ள பெண்களில் சுமார் 10 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறக்குறைய 19 கோடிப் பேருக்கு, எண்டோமெட்ரியோசிஸ் இருக்கிறது. அறிகுறி தொடங்கி நோய் உறுதியாவதற்குப் பல நாடுகளில் சராசரியாக ஏழு, எட்டு ஆண்டுகளாவது ஆகின்றன.

உள்ளே என்ன நடக்கிறது?

கருப்பையின் உட்புறத்தை மெல்லிய படலம் ஒன்று போர்த்தியிருக்கிறது. மாதந்தோறும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனின் தூண்டுதலில் அது தடித்து வளர்கிறது. கரு வந்து தங்காவிட்டால் உதிர்ந்து இரத்தத்தோடு வெளியேறுகிறது. மாதவிடாய் என்பது இதுதான்.

எண்டோமெட்ரியோசிஸ் உள்ளவர்களுக்கு, இந்தப் படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே முளைத்திருக்கும். சினைப்பைகளின் மேல், கருக்குழாய்களில், கருப்பையைப் பின்னாலிருந்து தாங்கும் தசைநார்களில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில், வயிற்றறையின் உட்சுவரில் என்று அது பரவி இருக்கலாம். சிலருக்குக் குடலிலும் சிறுநீர்ப்பையிலும் இருக்கும். அரிதாகச் சிசேரியன் தழும்புக்குள்ளும், மிக அரிதாக உதரவிதானத்திலும் நுரையீரல் பகுதியிலும் இருப்பதுண்டு. மாதவிடாய் நாட்களில் மட்டும் வலது தோள்பட்டையில் வலியோ மூச்சுத் திணறலோ வருகிறது என்று ஒரு பெண் சொன்னால், கேட்பவருக்குத் தொடர்பற்றதாகத் தோன்றலாம். தொடர்பு இருக்கக்கூடும்.

இடம் மாறி முளைத்த இந்தத் திசுவும் ஹார்மோன் சொல்வதைக் கேட்கிறது. ஈஸ்ட்ரோஜன் ஏறினால் வளர்கிறது, மாதவிடாய் நாட்களில் கசிகிறது. கருப்பையின் படலத்துக்கு வெளியேற வழி உண்டு, இதற்கு இல்லை. கசிந்தது அங்கேயே தங்கிவிட, உடல் அதைக் காயமாகக் கருதி எதிர்க்கத் தொடங்குகிறது. அழற்சி உண்டாகிறது. ஆறுகிறது, மறுமாதம் மீண்டும் புண்ணாகிறது. ஆறி ஆறிப் புண்ணாகும் இடத்தில் தழும்பு கட்டுகிறது. அந்தத் தழும்பு பக்கத்து உறுப்புகளைப் பசைபோல் ஒன்றோடொன்று ஒட்டவைக்கிறது. வழுக்கிக்கொண்டு நகரவேண்டிய குடல் ஓரிடத்தில் ஒட்டி இழுபடுகிறது. இரண்டு சினைப்பைகளும் கருப்பைக்குப் பின்னால் சென்று ஒன்றையொன்று தொட்டபடி ஒட்டிக்கொள்வதும் உண்டு.

இத்தோடு முடியவில்லை. இந்தத் திசு தனக்கு வேண்டிய ஈஸ்ட்ரோஜனைத் தானே கொஞ்சம் தயாரித்துக்கொள்கிறது. வளர்ச்சியை அடக்கவேண்டிய புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சொன்னால் முழுதாகக் கேட்பதில்லை. இதற்குள் புதிய நரம்பிழைகளும் வளர்கின்றன. ஆண்டுக்கணக்கில் வலிச் செய்தியைச் சுமந்து சுமந்து, முதுகுத்தண்டும் மூளையும் சிறு தூண்டலைக்கூடப் பெருவலியாக உணரும் நிலைக்கு வந்துவிடுகின்றன. முதலில் மூன்று நாள் வலியாக இருந்தது பின்னர் மாதம் முழுவதும் அடிவயிற்றில் குடியேறுவது இப்படித்தான். காலத்தோடு கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு முதல் காரணமும் இதுவே.

கேமராவில் தெரிவது

அறுவை மருத்துவர் தொப்புளுக்கு அருகே சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் என்ற கேமராக் குழாயை உள்ளே செலுத்தும்போது, இந்நோய் மூன்று விதமாகக் கண்ணில் படுகிறது. முதல் வகை மேலோட்டமானது. வயிற்றறையின் பளபளப்பான உட்சுவரில் வெடிமருந்து தெறித்துக் கருகியதுபோல் நீலக்கறுப்புப் புள்ளிகள் தெரியும். சில இடங்களில் சிவப்புக் கொப்புளமாகவும், சில இடங்களில் வெள்ளைத் தழும்பாகவும், நிறமே இல்லாத நீர்க்குமிழாகவும் இருக்கும். அனுபவம் இல்லாத கண்ணுக்கு இவை தப்பிவிடும்.

இரண்டாவது, சினைப்பைக்குள் உருவாகும் கட்டி. மாதக்கணக்கில் தேங்கிய பழைய இரத்தம் கெட்டியாகி, கரும்பழுப்பு நிறத்தில், உருக்கிய சாக்லேட்டைப் போலவே இருக்கும். சாக்லேட் கட்டி என்ற பெயர் அதனால்தான் வந்தது. மூன்றாவது வகை ஆழமானது. 5 மில்லிமீட்டருக்கும் அதிகமாகத் திசுவுக்குள் வேரூன்றி, குடல், சிறுநீர்ப்பை, சிறுநீர்க்குழாய் வரை போகக்கூடியது.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். சினைப்பையில் 'கட்டி' என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் பி.சி.ஓ.எஸ். எனப்படும் நீர்க்கட்டிப் பிரச்சினையை நினைத்துக்கொள்கிறார்கள். அது வேறு, இது வேறு. அதில் மாதவிடாய் தள்ளித் தள்ளிப் போவதுதான் முக்கியப் பிரச்சினை, இதில் வலி. இரண்டுக்கும் ஒரே உணவுக் குறிப்பு, ஒரே மாத்திரை என்று பகிரப்படும் அறிவுரைகளை நம்பவேண்டாம். அடினோமயோசிஸ் என்று மற்றொன்றும் உண்டு. அதில் இதே திசு கருப்பையின் தசைச்சுவருக்குள் புகுந்திருக்கும். எண்டோமெட்ரியோசிஸோடு சேர்ந்தே அது பலருக்குக் காணப்படுகிறது.

மருத்துவர்கள் நோயை ஒன்று முதல் நான்கு வரை நிலைகளாகப் பிரிக்கிறார்கள். புற்றுநோயின் நிலைகளைப்போல் இவற்றை எண்ணிப் பயப்படக் கூடாது. திசு எவ்வளவு பரவியிருக்கிறது, எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்பதைத்தான் இந்த எண்கள் சொல்கின்றன. வலியின் அளவை அவை சொல்வதில்லை. நான்காம் நிலையில் இருந்தும் வலியே இல்லாமல், குழந்தைக்காகப் பரிசோதனைக்கு வந்த இடத்தில் தெரிந்துகொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். முதல் நிலையிலேயே வேலையை விடும் அளவுக்குத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே "ஸ்கேனில் பெரிதாக ஒன்றும் இல்லை, இவ்வளவு வலிக்க நியாயமில்லை" என்ற பேச்சுக்கு அடிப்படையே இல்லை.

ஏன் வருகிறது?

அமெரிக்க மருத்துவர் ஜான் சாம்ப்சன் 1921-இல் இந்தச் சாக்லேட் கட்டிகளை விவரித்து எழுதினார். மாதவிடாய் இரத்தத்தில் ஒரு பகுதி கருக்குழாய் வழியாகப் பின்னோக்கி வயிற்றுக்குள் பாய்கிறது, அதிலுள்ள உயிரணுக்கள் அங்கே வேர்விடுகின்றன என்று 1927-இல் விளக்கம் தந்தார். இன்றும் முதலில் சொல்லப்படும் விளக்கம் அதுதான். ஆனால் அப்படிப் பின்னோக்கிப் பாய்வது பெரும்பாலான பெண்களுக்கு நடக்கிறது. நோய் வருவதோ பத்தில் ஒருவருக்கு. தவறிய இடத்தில் விழுந்த உயிரணுக்களை அப்புறப்படுத்தவேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பு சிலருக்கு ஏன் அதைச் செய்வதில்லை என்பதில்தான் இன்றைய ஆராய்ச்சி நிற்கிறது. வயிற்றறைச் சுவரின் உயிரணுக்களே உருமாறுகின்றன என்றும், இரத்தம், நிணநீர் வழியாகப் பரவுகிறது என்றும் வேறு விளக்கங்கள் உண்டு. நுரையீரலில் எப்படி வந்தது என்பதற்குச் சாம்ப்சனின் விளக்கம் மட்டும் போதாது அல்லவா?

மரபுக்கும் பங்கு உண்டு. தாய்க்கோ உடன்பிறந்த சகோதரிக்கோ இருந்தால் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. இளம் வயதிலேயே பூப்பெய்துவது, மாதவிடாய்ச் சுழற்சி குறுகிய நாட்களாக இருப்பது, உதிரப்போக்கு அதிகமாக இருப்பது ஆகியவையும் வாய்ப்பைக் கூட்டுகின்றன. எதையோ தின்றதாலோ, எதையோ தூக்கியதாலோ, சுத்தமாக இல்லாததாலோ இது வருவதில்லை. நோயுற்ற பெண் தன்னைக் குறை சொல்லிக்கொள்ள இதில் எதுவுமே இல்லை.

எந்த வலி சாதாரணம், எது இல்லை?

மாதவிடாயின்போது கருப்பை சுருங்கிப் படலத்தை வெளியே தள்ளுகிறது. அதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் துணை செய்கிறது. முதல் ஓரிரு நாட்கள் அடிவயிறு பிடித்திழுப்பது அதனால்தான். ஒரு வலி மாத்திரைக்கு அடங்கி, அன்றாட வேலையைச் செய்யவிடும் வலி பெரும்பாலும் அந்த வகைதான்.

மாத்திரை போட்டும் பள்ளிக்கோ வேலைக்கோ போகமுடியாத வலி வேறு. உதிரப்போக்கு தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே வந்து, முடிந்த பிறகும் நீடிக்கும் வலி வேறு. ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும் வலியும் அப்படித்தான். தாம்பத்திய உறவின்போதோ மறுநாளோ உள்ளே ஆழத்தில் வலிப்பது, மாதவிடாய் நாட்களில் மலம் கழிக்கும்போது கத்தியால் குத்துவதுபோல் இருப்பது, சிறுநீர் கழிக்கையில் வலிப்பது, வயிறு உப்பி உடை இறுகுவது, எவ்வளவு தூங்கினாலும் தீராத அசதி ஆகியவை இந்நோயை நோக்கிக் கைகாட்டுகின்றன. இவற்றில் பாதியைப் பெண்கள் மருத்துவரிடம்கூடச் சொல்வதில்லை. மலம் கழிக்கும்போது வலிப்பதைச் சொல்ல என் அக்கா கூச்சப்பட்டாள். பின்னாளில் அவளுடைய மருத்துவர், மலக்குடல் பக்கம் நோய் இருக்கிறதா என்று தேடத் தூண்டியதே அந்த ஒரு தகவல்தான் என்றார்.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

நீண்ட காலம், வயிற்றில் துளையிட்டுக் கேமராவில் பார்த்து, திசுவை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பினால்தான் நோய் உறுதி என்று இருந்தது. தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணம். வலி என்று வந்த பெண்ணை உடனே அறுவை மேசையில் ஏற்ற யாருக்குத்தான் மனம் வரும்? 2022-இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் இதை மாற்றின. அறிகுறிகளைக் கேட்டறிந்து, உடலைப் பரிசோதித்து, ஸ்கேனும் பார்த்து, நோய் இருக்கக்கூடும் என்று தோன்றினால் அறுவை இல்லாமலே சிகிச்சையைத் தொடங்கலாம். ஸ்கேனில் எதுவும் தெரியாமல் இருந்தாலோ, மருந்துக்கு வலி அடங்காமல் போனாலோ லேப்ராஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம்.

பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் சாக்லேட் கட்டியை நன்றாகக் காட்டும். தேர்ந்தவர் எடுத்தால் ஆழமான வகையையும் காட்டும். உறவு அனுபவம் இல்லாத இளம்பெண்களுக்கு வயிற்றின் மேலாக எடுக்கும் ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மேலோட்டமான வகை எந்த ஸ்கேனிலும் எளிதில் தெரியாது. 'நார்மல்' என்று அறிக்கை வந்ததால் நோய் இல்லை என்று ஆகிவிடாது. சி.ஏ.125 என்ற இரத்தப் பரிசோதனையை வைத்தும் இதை உறுதிசெய்ய முடியாது.

சிகிச்சை: முதலில் ஒரு கேள்வி

இந்நோயை அடியோடு போக்கும் மருந்து இன்றுவரை இல்லை. இதை மறைத்துப் பேசுவது நோயாளிக்குச் செய்யும் துரோகம் என்றே நினைக்கிறேன். ஆனால் வலியை அடக்கவும், நோயின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தவும், குழந்தைப்பேற்றுக்கு உதவவும் வழிகள் இருக்கின்றன. எந்த வழி என்பதைத் தீர்மானிக்கும் கேள்வி ஒன்றுதான்: இப்போது குழந்தை வேண்டுமா, வேண்டாமா? ஏனென்றால் வலியை அடக்கும் ஹார்மோன் மருந்துகளில் பெரும்பாலானவை கருமுட்டை வெளியாவதையும் நிறுத்திவைக்கின்றன. இரண்டு இலக்குகளையும் ஒரே மாத்திரையில் அடைய முடியாது.

ஐபுப்ரோஃபென், நாப்ராக்ஸென், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் புரோஸ்டாகிளாண்டினைக் குறைக்கின்றன. வலி உச்சத்துக்குப் போன பிறகு போடுவதைவிட, தொடங்கும் அறிகுறி தெரிந்ததுமே சாப்பாட்டுக்குப் பின் போட்டால் நன்றாக வேலை செய்யும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போடக்கூடாது. இவை வலியைத்தான் தணிக்கும். திசுவைத் தொடாது.

திசுவை அடக்குவது ஹார்மோன் மருந்துகளின் வேலை. கருத்தடை மாத்திரை என்ற பெயரைக் கேட்டதும் பல வீடுகளில் முகம் மாறுகிறது. இங்கே அது கருத்தடைக்காகத் தரப்படுவதில்லை. சினைப்பைக்கு ஓய்வு கொடுத்து, மாதாந்தரக் கசிவை நிறுத்தத் தரப்படுகிறது. இடைவெளி விடாமல் தொடர்ந்து எடுத்தால் மாதவிடாயே வராமலும் இருக்கும். அதனால் கெட்ட இரத்தம் உள்ளே தேங்கிவிடும் என்று அஞ்சவேண்டாம். படலமே தடிக்காதபோது தேங்குவதற்கு ஒன்றும் இல்லை. ஒளிவட்டம் தெரியும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள், இரத்தக்குழாயில் இரத்தம் உறைந்து அடைப்பு வந்தவர்கள், 35 வயதைக் கடந்த, புகைபிடிக்கும் பெண்கள் ஆகியோருக்கு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை ஏற்றதல்ல. அவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மட்டும் உள்ள மருந்து தரப்படும்.

அந்த வகையில் இன்று அதிகம் எழுதப்படுவது டையனோஜெஸ்ட். நாளுக்கு 2 மில்லிகிராம். முதல் சில மாதங்கள் இடையிடையே இரத்தத் தீற்றல் பட்டுக்கொண்டே இருக்கும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று எண்ணிப் பலர் நிறுத்துவது இந்தக் கட்டத்தில்தான். இதைத் தொடக்கத்திலேயே எடுத்துச் சொல்லும் மருத்துவர் கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். மனச்சோர்வு ஏற்பட்டால் மட்டும் உடனே சொல்லவேண்டும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோனைக் கசியவிடும், கருப்பைக்குள் பொருத்தும் சாதனமும் உண்டு. ஒருமுறை பொருத்தினால் பல ஆண்டுகள் பயன் தரும்.

இவற்றுக்கு அடங்காத நோய்க்கு ஜி.என்.ஆர்.எச். வகை மருந்துகள். மூளையிலிருந்து சினைப்பைக்குப் போகும் கட்டளையையே துண்டித்து, மாதவிடாய் நின்றுபோனது போன்ற நிலையைத் தற்காலிகமாக உண்டாக்குகின்றன. வலி நன்றாகக் குறையும். ஆனால் திடீர் உடல் வெப்பம், தூக்கமின்மை, எலும்பு அடர்த்திக் குறைவு ஆகியவை பின்தொடரும். அதைத் தடுக்கச் சிறு அளவு ஹார்மோனைச் சேர்த்துக் கொடுப்பார்கள். முன்பு ஊசியாகவோ மூக்கில் தெளிக்கும் மருந்தாகவோ இருந்த இந்த வழியில், வாய்வழி மாத்திரையான எலகோலிக்ஸுக்கு அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-இல் ஒப்புதல் தந்தது. ரெலுகோலிக்ஸ் கூட்டு மாத்திரைக்கு 2022-இல் கிடைத்தது.

எந்த ஹார்மோன் மருந்தானாலும் நிறுத்தினால் நோய் மீண்டும் தலைதூக்கக்கூடும். இடுப்புத் தசைகளுக்கான பிசியோதெரபி, உடற்பயிற்சி, வெப்ப ஒத்தடம், மனநல ஆலோசனை ஆகியவை துணை நிற்கும். மருந்துக்கு மாற்றாக அவற்றை விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கத்தி எப்போது?

மருந்துக்கு வலி மசியாதபோது, கட்டி பெரிதாகும்போது, குடலையோ சிறுநீர்க்குழாயையோ நோய் அடைக்கத் தொடங்கும்போது அறுவை தேவைப்படும். பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பிதான். நோயுற்ற திசுவை வெட்டியெடுக்கலாம் அல்லது சுட்டுப் பொசுக்கலாம். ஆழமான வகையில் சுடுவது மேற்புறத்தை மட்டுமே தொடும் என்பதால் வெட்டியெடுப்பதே வழக்கம்.

சாக்லேட் கட்டி அறுவைக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒன்றை அவசியம் கேட்கவேண்டும். கட்டியின் உறையை உரித்தெடுக்கும்போது அதோடு சேர்ந்து நல்ல கருமுட்டைகளும் கொஞ்சம் போய்விடும். ஏ.எம்.எச். என்ற இரத்தப் பரிசோதனை, முட்டைகளின் இருப்பு எவ்வளவு என்பதைத் தோராயமாகக் காட்டும். எதிர்காலத்தில் குழந்தை விரும்புகிறவர் அதை முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. தேவைப்பட்டால் கருமுட்டையை உறையவைத்துச் சேமிப்பதைப் பற்றியும் பேசலாம். கட்டியில் உள்ளதை ஊசியால் உறிஞ்சி எடுப்பதோடு விட்டால் அது பெரும்பாலும் மறுபடி நிறைந்துவிடும்.

அறுவைக்குப் பிறகு மருந்து எடுக்காமல் விட்டால், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறக்குறைய பாதிப்பேருக்கு நோய் திரும்புவதாக ஆய்வுகள் சொல்கின்றன. அதனால்தான் உடனே குழந்தை வேண்டாதவர்களுக்கு அறுவைக்குப் பின்னும் ஹார்மோன் மருந்து தொடர்கிறது. என் அக்காவும் அப்படித்தான் எடுத்துவருகிறாள். கருப்பையையே எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பதும் சரியல்ல. நோய் இருப்பது கருப்பைக்கு வெளியேதானே? வெளியே உள்ளதை எடுக்காமல் கருப்பையை மட்டும் எடுத்தால் வலி தொடரலாம்.

குழந்தை பிறக்குமா?

இந்நோய் உள்ளவர்களில் 30 முதல் 50 விழுக்காட்டினருக்குக் கருத்தரிப்பதில் சிரமம் இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. இதையே திருப்பிப் பார்த்தால், குறைந்தது பாதிப்பேருக்கு அந்தச் சிரமம் இல்லை. சிரமம் உள்ளவர்களிலும் பலர் அறுவைக்குப் பின்போ, செயற்கைக் கருத்தரிப்பு மூலமோ தாயாகிறார்கள். வயது, முட்டை இருப்பு, கருக்குழாயின் நிலை, கணவரின் விந்தணுப் பரிசோதனை ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்த்துத்தான் வழி முடிவாகும். கருத்தரிக்க முயலும் காலத்தில் ஹார்மோன் மருந்தால் நோயை அடக்கிவைப்பது பயன் தராது, மாதங்கள்தான் வீணாகும். குழந்தை பெற்றுக்கொள்வதையே சிகிச்சையாகப் பரிந்துரைப்பதும் தவறு. கர்ப்ப காலத்தில் வலி தணிந்தாலும் பிறகு திரும்பி வருவது உண்டு.

இது புற்றுநோய் அல்ல. சினைப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு மற்றவர்களைவிடச் சற்றே கூடுதல் என்றாலும், பெரும்பாலானவர்களுக்கு அது ஒருநாளும் வருவதில்லை. மாதவிடாய் முற்றாக நின்ற பிறகு அநேகருக்கு நோயும் ஓய்ந்துவிடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் இரண்டு, மூன்று மாதங்கள் ஒரு நாட்காட்டியில் குறித்து வையுங்கள். வலி எந்த நாள், பத்துக்கு எத்தனை, எங்கே, எத்தனை மாத்திரை, எந்த வேலை நின்றது என்று எழுதுங்கள். "ரொம்ப வலிக்கிறது" என்பதைவிட "மூன்று மாதத்தில் ஒன்பது நாள் விடுப்பு" என்ற வரி மருத்துவரை நிமிர்ந்து உட்காரவைக்கும். அம்மாவுக்கோ சகோதரிக்கோ இந்நோய் இருந்தால் அதையும் முதலிலேயே சொல்லுங்கள். ஒருவர் கேட்காவிட்டால் அடுத்தவரிடம் போங்கள். கட்டி இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென்று தாங்கமுடியாத வலியோடு வாந்தி, காய்ச்சல், மயக்கம் வந்தால் நாட்காட்டிக்கும் முன்பதிவுக்கும் காத்திருக்கக் கூடாது. கட்டி வெடித்திருக்கலாம், சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.